கோபமாக ஒருவர், உள்ளே

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் இதை முழுசாகப் படியுங்கள். அப்பா எழுதினால் நீளமாகத்தான் இருக்கும். பாதியில் வைத்துவிட்டு போனை எடுக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா கூடத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே லேப்டாப்பில் ஒரு ஆள் பேசிக்கொண்டிருந்தான். சிறுசேரியில் வேலைக்குச் சேருவதற்கு முன்னால் பார்த்து முடிக்க வேண்டிய பயிற்சியாம். தலைப்பு, வேலை செய்யும் இடத்தில் வன்முறை. ரெண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டதால் அவன் பேச்சு கொசு ரீங்காரம் மாதிரி இருந்தது. "நிதானமா கேளும்மா" என்றேன். "அப்பா, இதெல்லாம் ஃபார்மாலிட்டி. கடைசியில பத்து கேள்வி வரும். எல்லாத்துக்கும் 'மேற்கண்ட அனைத்தும்'னு போட்டா பாஸ்" என்றாள். பாஸும் ஆகிவிட்டாள்.

 எனக்கு வாயால் சொல்லத் தெரியாது. நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து கலாய்த்தால் சொல்ல வந்ததே மறந்துவிடும். அதனால் எழுதுகிறேன். இதே பயிற்சியை நானும் ஒரு தடவை எடுத்தேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் கூட இல்லை, நிதானமாக, நோட்டுப் போட்டு, சிவப்பு மையில் கோடு போட்டு எடுத்தேன். எடுத்தும் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

வண்டலூர் பக்கம் நான் ஸ்டோர் பார்க்கிற கம்பெனி உங்களுக்குத் தெரியும். தகட்டை அழுத்தி சாமான் செய்கிற இடம். கையுறை, போல்ட், எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட், எது வேண்டுமானாலும் என் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும். அதனால் எல்லாருக்கும் என்னைத் தெரியும். மாடியில் இருக்கிற ஆபீசுக்குப் போக எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். ஏசி ரூம், கண்ணாடிக் கதவு, செருப்பை எங்கே விடுவது என்கிற குழப்பம். அதனால் லீவ் லெட்டர், கல்யாணப் பத்திரிகை, ஷூ சைஸ் மாற்றுகிற மனு, எல்லாம் என் ஜன்னலில் வந்து விழும். "ஸ்டோர் அண்ணன்கிட்ட குட்த்துட்டா போதும்பா" என்று ஒரு பேச்சு உண்டு. நானும் புதன்கிழமை புதன்கிழமை, சாமான் கேட்டு எழுதுகிற இண்டென்ட் நோட்டோடு மாடிக்குப் போகும்போது அத்தனையையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். எழுதத் தெரியாதவர்களுக்கு லெட்டரையும் நானே எழுதுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் பயிற்சி எடுத்த வருஷம், லீவ், சம்பளம், ஆள் கணக்கு பார்க்கிற ஹெச்.ஆர். பிரிவுக்குப் புதிதாக ஒரு மேடம் வந்தார். தாம்பரத்துப் பெண், சர்ச் குடும்பம், அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர். நல்ல மாதிரி. வந்த இரண்டாம் மாதமே பாதுகாப்புக் கமிட்டி ஒன்று போட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காக என்னை அதில் சேர்த்தார். வெளியூரிலிருந்து ஒரு சார் பயிற்சி கொடுக்க வந்தார். "ஆபத்து எப்பவும் சொல்லாமத்தான் வரும்" என்று அவர் ஆரம்பித்த நேரத்தில் பின்பக்கம் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் கத்தியது. எங்களுக்கு அது பழகிய சத்தம். அவர் மேஜைக்குக் கீழே குனிந்துவிட்டார். "ஒண்ணுமில்ல சார், சாப்பாட்டு நேரம்" என்று வாட்ச்மேன் அவரைத் தேற்றினார்.

அவர் போகும்போது எனக்கு ஒரு தாள் கொடுத்தார். கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பேச்சு குறைவது. தனியாக இருப்பது. சாப்பாட்டில் மாற்றம். தோற்றத்தில் திடீர் மாற்றம். சம்பந்தமில்லாமல் விடை பெறுவது போலப் பேசுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். டிக் போட வேண்டும்.

நான் டிக் போட ஆரம்பித்தேன். முதல் நாளே பதினோரு பேர் மாட்டினார்கள். பிரஸ் ஷாப்பில் எல்லாரும் பேச்சைக் குறைத்தவர்கள்தான், அந்தச் சத்தத்தில் பேசி என்ன பயன்? ஆனால் ஒருவர் மட்டும் ஐந்து கட்டத்துக்கும் பொருந்தினார். லேத் ஓட்டுகிறவர். தாடி விட்டுவிட்டார். மத்தியானம் டப்பாவைத் திறப்பதே இல்லை. தனியாக வேப்பமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் ஜன்னலுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் நின்றார். "அண்ணே, நான் எப்பவாச்சும் உங்க மனசு நோகுற மாதிரி பேசியிருந்தா மன்னிச்சுடுங்க" என்றார்.  அஞ்சாவது கட்டம்! அவர் திரும்பிப் போகும்வரை கையில் ஒரு பெரிய போல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடனே மாடிக்கு ஓடினேன்.

மேடம் தாளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணா, இது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள். உபவாசம் இருக்கார். எங்க வீட்ல அப்பாவும் இப்படித்தான் இருக்கார், போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட போயி ஏழு வருஷத்து சண்டைக்கு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தார்."

வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் தாளை விடவில்லை. இன்னும் கூர்மையாகக் கவனிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இன்னொருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பிட்டர் தம்பி. மண்ணிவாக்கத்துப் பையன், ஆறு வருஷமாகப் பைப், மோட்டார், கம்ப்ரஸர் எல்லாம் அவன் பொறுப்பு. என்னை "ண்ணா" என்று கூப்பிடுவான். முன்னால் இருக்கிற 'அ'வை அவன் சொல்லி நான் கேட்டதில்லை. மேலே டேங்க் நிறைய எத்தனை நிமிஷம் ஆகும் என்று அவன் உடம்புக்கே தெரியும். சாப்பிட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று எழுந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வருவான். நம் பக்கத்தில் லாரித் தண்ணீர் வாங்கிப் பழகினவர்களுக்கு அந்தப் பதைப்பு தெரியும். ஒரு சொட்டு வழிந்தால் அவனுக்கு ரத்தம் போகிற மாதிரி.

வெளியூரில் அக்கா வீட்டில் இருந்த அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பத்து நாள் லீவ் கேட்டான். லெட்டரை நான்தான் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டு, "மறக்காம குட்த்துருண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

அது பயிற்சி நடந்த வாரம். மாடிக்குப் போகிற காகிதங்களைப் போடும் தட்டில் லெட்டரை வைத்தேன். அதன் மேல் அறிகுறித் தாளை வைத்தேன். அந்தப் புதன்கிழமை மாடிக்குப் போனபோது தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். கமிட்டிக்காரன் அல்லவா.

பதிமூன்றாம் நாளோ என்னவோ, கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். தலை மொட்டை, மீசையும் இல்லை. நான் சந்தோஷமாகப் போய் முதுகில் தட்டி, "என்னடா, திருப்பதியா? லட்டு எங்கடா?" என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "மெஷின் வெரலை எடுக்கலண்ணா" என்றான். கேட்டில் விரல் வைக்கிற மெஷினைச் சொல்கிறான்.

"கிரீஸா இருக்கும்டா. துடைச்சுட்டு வை" என்று சொல்லிவிட்டு, மணி ஆகிவிட்டதே என்று உள்ளே ஓடினேன்.

அடுத்த நாளும் பெஞ்சில் இருந்தான். கை காட்டினேன். காட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் இருந்தான். கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு குறைந்திருக்கிறது, தனியாக இருக்கிறான், தோற்றம் மாறியிருக்கிறது. என் தாள் பையிலேயே இருந்தது. ஆனால் அது கேட்டுக்கு உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன் போல. மொட்டைத் தலையோடு ஒரு மகன் உட்கார்ந்திருக்கிறான், அவன் அம்மாவுக்கு முடியவில்லை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். லட்டுக் கேட்டேன்.

அந்த மூன்றாம் நாள்தான் எங்களுக்கு ஒத்திகை. கோபக்காரர் ஒருவர் உள்ளே வந்தால் என்ன செய்வது என்று கேன்டீனில் நடித்துக் காட்ட வேண்டும். கோபக்காரராக டீ மாஸ்டரைப் போட்டிருந்தோம். ஆள் வாட்டசாட்டம், குரலும் உண்டு. ஆனால் காலையிலிருந்து மேடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், எனுக்கு இன்னாத்துக்குக் கோவம்?"

"சும்மா கோபப்படுங்க மாஸ்டர். நடிப்புதானே."

"சும்மா எப்புடி வரும்? எவனாச்சும் எதனா பண்ணிருக்கணும். காரணம் சொன்னீங்கன்னா பின்னிடுவேன்."

கடைசியில், பால் பொங்கினபோது யாரோ அடுப்பை அணைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னோம். மாஸ்டர் முகம் உடனே சிவந்தது. "இது போதும் மேடம்" என்று சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சமையல் கட்டுக்குள் போனார்.

மூன்று மணிக்குக் கேன்டீனில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். மேடம் முன்னால் மைக்கோடு நின்றார். கையில் பேச வேண்டியதை எழுதிய தாள். வாட்ச்மேனிடம், "இன்னிக்கு ஒருத்தர் கோபமா வருவார், தடுக்காதீங்க, நோட்ல மட்டும் எழுதுங்க" என்று சொல்லி வைத்திருந்தோம். மாஸ்டர் வெளியே போய் கேட் வழியாக வருவதாகத் திட்டம். அவரோ உள்ளே பால் காய்ச்சிக்கொண்டே வசனம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

கேட் வழியாக வந்தது பிட்டர் தம்பி. கையில் பைப் ரென்ச், முழங்கை நீளம். வாட்ச்மேன் எழுந்து நின்று வழி விட்டாராம். நோட்டில் அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது: "கோபமாக ஒருவர், உள்ளே. மணி 3.10."

அவன் கேன்டீன் நடுவே நடந்து வந்ததும் ஒரே கைதட்டல்.

"டேய், மாஸ்டருக்குப் பதிலு இவனைப் போட்டுக்கிறாங்கடா!"

"மொட்டை கெட்டப்பு சூப்பர் மச்சான்!"

"ரென்ச்சைத் தூக்கிப் புடிப்பா, பின்னாடி தெரியல!"

நானும் கைதட்டினேன். எழுதவே கூசுகிறது, ஆனால் தட்டினேன்.

அவன் நேராக மேடத்துக்கு முன்னால் போய் நின்றான். அவர் அவனை அதற்கு முன் பார்த்ததே இல்லை, ஆள் பட்டியலில்தான் பெயர் பார்த்திருப்பார். சிரித்த முகத்தோடு தாளைப் பார்த்து வாசித்தார்: "உங்க கோபம் எனக்குப் புரியுது. தயவுசெய்து உட்காருங்க."

"இன்னா புரியுது உனுக்கு?"

"நீங்க சொல்றதை நான் கேட்கத் தயாரா இருக்கேன்" என்று அடுத்த வரியை வாசித்தார். பின்வரிசையில் விசில்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க எல்லாம்? என் பேரை எட்த்துட்டீங்களே, நான் இன்னா தப்பு பண்ணேன்? எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"டயலாக்கு டெலிவரி பாருடா" என்றான் ஒருத்தன்.

அவன் கழுத்தில் நரம்பு புடைத்தது. ரென்ச்சை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினான். கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, மெதுவாக, மரியாதையாகக் கேட்டான்: "நீங்க சொல்லுங்க சார். லெட்டர் குட்த்தனா இல்லியா சார்?"

சார். ஆறு வருஷத்தில் முதல் தடவை.

பாப்பா, உன் வீடியோவில் கத்துகிற ஆளைக் காட்டுவார்கள். நம் ஊரில் கத்தாத ஆள் யார்? காய்கறிக்காரர் கத்துகிறார், கண்டக்டர் கத்துகிறார், உங்கள் அம்மா கத்துகிறாள். கத்துகிறவரை விடு. உரிமையோடு பேசினவன் திடீரென்று மரியாதை கொடுத்தால் அங்கே நின்று பார். எனக்கு அந்த ஒரு சொல்லில் புரிந்துவிட்டது. இது ஒத்திகை இல்லை. தட்டில், தாளுக்கு அடியில் இருந்த லெட்டரும் கண் முன்னால் வந்தது.

பயிற்சியில் சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. அவசரப்பட்டு எழக் கூடாது: எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டேன். கிட்டப் போகக் கூடாது: போனேன். "அமைதியாக இருங்கள்" என்று மட்டும் சொல்லவே கூடாது: "அமைதியா இருடா, டீ சாப்பிடு" என்றேன். அப்புறம்தான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"குடுத்தே. என்கிட்டதான்டா இருக்கு. நான் மேல குடுக்கல, மறந்துட்டேன். மேடத்துக்கு ஒண்ணுமே தெரியாது."

"ஸ்டோர் அண்ணன் ஆக்டிங்கைப் பாருடா!" என்று கைதட்டினார்கள்.

அவன் மேடத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "நீயா?" என்றான். ரென்ச் என் தோள் உயரத்துக்கு வந்தது. எனக்கு அந்த நேரத்தில் வீரமான நினைப்பு எதுவும் வரவில்லை. புதுக் கண்ணாடி, போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, அதைக் கழற்றி வைக்கலாமா என்று நினைத்தேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. டேங்க் வழிகிறது. மோட்டார் போட்டவன் கேன்டீனில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறான்.

பிட்டர் தம்பி தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ஒரு விநாடி என்னைப் பார்த்தான், ஒரு விநாடி தண்ணீரைப் பார்த்தான்.

"எவன்டா மோட்டாரு போட்டது? லாரித் தண்ணிடா அது, பாவிங்களா!"

ஓடினான். ரென்ச்சோடு, பக்கக் கதவு வழியாக மோட்டார் ரூமுக்கு ஓடினான். பழக்க தோஷத்தில் நாலைந்து பேர் கூடவே எழுந்தார்கள். நான் கையை விரித்து அவர்களைத் தடுத்து, "மேடம், இது டிரில் இல்லை" என்றேன்.

"என்னது?" என்றார். மைக் ஆனில் இருந்தது. "என்னது" கேன்டீன் முழுக்கக் கேட்டது. 

அந்தப் பெண்ணை நான் மெச்சுகிறேன். முகம் வெளுத்துவிட்டது, ஆனால் தாளைக் கீழே வைத்துவிட்டு, சொந்தக் குரலில், எல்லாரையும் பின் கதவு வழியாக வரிசையாக வெளியே போகச் சொன்னார். போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எல்லாரும் பூனை மாதிரி நழுவிக்கொண்டிருந்தபோது சமையல் கட்டுக் கதவை உதைத்துக்கொண்டு மாஸ்டர் வந்தார். தலையில் சிவப்புத் துண்டு, கையில் கரண்டி. "எவன்டா அடுப்பை அணைக்காதவன்!" பின்வரிசையில் விசிலடித்தவன் லேடீஸ் பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அவனை வெளியே எடுக்க அரை மணி ஆனது. மாஸ்டர் காலி நாற்காலிகளைப் பார்த்து, "இன்னாபா, ஆரம்பிச்ச உடனே போயிட்டீங்க?" என்றார்.

நான் ஸ்டோருக்குப் போய் லெட்டரை எடுத்துக்கொண்டு மோட்டார் ரூம் வாசலில் நின்றேன். இந்தத் தடவை தள்ளி நின்றேன், வழியை மறிக்காமல். அவன் மோட்டாரை நிறுத்திவிட்டுக் குனிந்து, அதே ரென்ச்சால் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

"லீக் ஆவுது. நான் போனதுலேருந்து எவனும் பாக்கல" என்றான், என்னைப் பார்க்காமல்.

"அம்மா எப்படிடா இருக்காங்க?" என்றேன். பதினைந்து நாள் தாமதமாகக் கேட்ட கேள்வி.

"செத்துப் போச்சு." முறுக்குவதை நிறுத்தினான். "நீ லட்டு கேட்டப்போ இன்னா சொல்றதுன்னே தெரியலண்ணா. உனுக்குத் தெரியும், தெரிஞ்சேதான் கேலி பண்றேன்னு நெனச்சேன்."

ண்ணா திரும்ப வந்ததைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. லெட்டரைக் காட்டினேன். அவன் ரென்ச்சைக் கீழே வைத்தான். நான் கேட்டேன், "யாரையடா அடிக்க வந்தே?"

"அந்த மெஷினை. வெரல் வைக்கிற மெஷினை ரெண்டு போடு போட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். வாட்ச்மேன் எழுந்து வழி வுட்டாரு, அப்பவே இன்னாவோ மாதிரி ஆச்சு. உள்ள வந்தா எல்லாரும் சிரிச்சீங்க. அப்புறம் யாரை அடிச்சிருப்பேன்னு எனுக்கே தெரியாதுண்ணா."

பெரிய மேனேஜர் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார். ஒரு பெண்ணுக்கு முன்னால் ரென்ச்சோடு நின்றது சின்ன விஷயமில்லை, அவர் சொன்னதும் நியாயம்தான். மேடம் முதலில் அவன் பேசுவதைக் கேட்கிறேன் என்றார். கதவைத் திறந்து வைத்து, கதவோரம் தான் உட்கார்ந்து, என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டார். லெட்டர் வராததால் மூன்றாம் நாளே கம்ப்யூட்டர் அவன் பெயரைத் தானாக எடுத்துவிட்டிருக்கிறது. ஒரு மனிதனும் அவனிடம் அதைச் சொல்லவில்லை, மெஷின் விரலை எடுக்காததை வைத்து அவனாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெமோ வாங்கினேன், வாங்க வேண்டியதுதான். அவனுக்கு எச்சரிக்கையும் ஒரு வாரம் வெளியே இருக்கிற தண்டனையும். மேடத்துக்கு ஒரு மாதம் வரை பின்னால் யாராவது வேகமாக நடந்து வந்தால் தூக்கிவாரிப் போடும், அவரே சொன்னார். அதையும் அவனிடம் சொன்னார். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். இன்றைக்கும் அவன்தான் மோட்டார் பார்க்கிறான். மெஷின் யார் விரலை எடுக்கவில்லையோ அவரை ஒரு ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மேடம் சட்டம் போட்டுவிட்டார்.

பாப்பா, பயிற்சியை நான் தப்புச் சொல்லவில்லை. தாளில் இருந்தது எல்லாம் சரி. யார் அடிக்கப் போகிறான் என்று தேடிக்கொண்டே இருந்தேன், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க விட்டுவிட்டேன். நீ உன் கண்ணாடிக் கட்டடத்தில் பயம் வந்தால் கூச்சப்படாமல் உடனே சொல்லு, வெளியே போகிற வழியைப் பார்த்து வை. அதற்கு முன்னால், பக்கத்து நாற்காலிக்காரியிடம் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நான் ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு தட்டைக் கவிழ்த்தேன். அடியில் இன்னும் ஆறு காகிதம் இருந்தது. ஷூ கடிக்கிறது என்று ஒரு மனு. காது கேட்கவில்லை, சத்தம் குறைந்த மெஷினுக்கு மாற்றுங்கள் என்று ஒன்று. மாடி ஆபீஸ்காரர்களை அழைத்த ஒரு கல்யாணப் பத்திரிகை. அந்தப் பிள்ளைக்கு அதற்குள் குழந்தையே பிறந்து தவழ ஆரம்பித்திருந்தது. ஆறையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். ஆபீசில் யாரும் இல்லை. மேடத்தின் மேஜையில் அடுக்கி வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க ஸ்டேப்ளரை மேலே வைத்தேன். பாதிப் படி இறங்கினவன் திரும்ப ஏறிப் போய், ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் "தாமதம் என்னால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்திரிகையிலும் போட்டேன்.